அத்தையை எடுத்த அன்று நான் மீகாங்கில் இருந்தேன்

காப்பி தொண்டையில் இறங்குவதற்குள் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சுற்றுலா போனால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டியூட்டி காலத்தில்கூட என்னை யாரும் இப்படி விரட்டியதில்லை. "அம்மா சீக்கிரம், சார் சீக்கிரம், இன்னைக்கு ஏகப்பட்ட இடம் இருக்கு" என்று டூர் மேனேஜர் பிரபு கதவருகில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கோழிக்குஞ்சுகளைக் கூடையில் அடைப்பதுபோல் எங்களை அடைத்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

வியட்நாமில் அது எங்களுக்கு மூன்றாவது நாள். முதல் நாள் ஊர் சுற்றினோம், மறுநாள் சண்டைக்காலத்துச் சுரங்கத்துக்குள் தவழ்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டோம், இன்றைக்கு மீகாங் டெல்டா. "டெல்டாக்காரங்களைக் காசு வாங்கிட்டுக் கூட்டியாந்து டெல்டாவைக் காட்டுறான் பாரு" என்றார் மும்தாஜ் டீச்சர். பட்டுக்கோட்டைக்காரர், ரிட்டயர்டு. இந்தப் பயணத்தில் எனக்கு அறைத்தோழி. என் வீட்டுக்காரர் விமானம் என்றாலே நடுங்குவார் என்பதால் நான் தனியாகத்தான் கிளம்பியிருந்தேன்.

முன் சீட்டில் கோவிந்தராஜன் சாரும் அவர் மனைவி விமலா அக்காவும். சார் ரிட்டயர்டு இன்ஜினியர். எந்தப் பாலத்தைப் பார்த்தாலும் எப்படிக் கட்டினான் என்று விளக்கம் சொல்லாமல் விடமாட்டார். விமலா அக்கா தங்கமான மனுஷி. முதல் நாளே ஏர்போர்ட்டில் பருப்புப் பொடி டப்பாவைத் திறந்து, "இந்தாங்க, ஓட்டல் சாப்பாடு உங்களுக்குச் சேராது" என்று என் தட்டில் கொட்டினார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் எங்கள் நாலு பேருக்கும் ஒரே மூலை.

எந்த ஊர் என்று அவரும் கேட்டார், நானும் கேட்டேன். இரண்டு பேரும் தஞ்சாவூர் என்று சொன்னோம், அதோடு விட்டோம். நான் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. பூதலூர் பக்கத்துக் கிராமத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதுதான். காலனித் தெரு என்று சொன்னால் அதற்கப்புறம் கேள்வியும் வராது, பருப்புப் பொடியும் வராது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இது எனக்குக் கைவந்த வித்தை. அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

நகரத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். நடவு ஒரு பக்கம், அறுவடை ஒரு பக்கம். பஸ் மொத்தமும் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. "என்னங்க இது, ஒரே நேரத்துல ரெண்டும் நடக்குது?" என்று பின்னால் ஒருவர் வியந்தார். நம் ஊரில் மேட்டூரில் எப்போது தண்ணீர் விடுவான் என்று வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், இங்கே வேண்டுகிறபோது நடுகிறான், வேண்டுகிறபோது அறுக்கிறான். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

அப்போதுதான் தம்பி சேகரிடமிருந்து போன் வந்தது. அந்நேரத்துக்கு அவன் கூப்பிட மாட்டான்.

"அக்கா, பதறாத. அத்தை போயிடுச்சு. வெள்ளன காப்பி கொண்டுபோய் எழுப்புனேன், எழுந்திரிக்கல."

அஞ்சலை அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். நடவு, களை, கதிரறுப்பு என்று அடுத்தவன் வயலில் குனிந்த இடுப்பு நிமிராமலே உழைத்து என்னை நர்ஸிங் படிக்க வைத்தவள். பெற்றவள் எனக்கு நினைவு தெரியுமுன் போய்விட்டாள். எனக்கு அம்மா என்றால் அத்தைதான்.

"எப்படா எடுக்கப் போறீங்க?"

"நீ வரணும்னா ஐஸ் பொட்டி வெக்கணும். ரெண்டு நாளா மழை, கரண்ட்டே இல்ல. இப்பவும் வானம் கருத்துக்கிட்டுதான் கெடக்கு. இன்னொரு மழை வந்தா வெறகு பத்தாது. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடலாம்னு தெருவுல சொல்றாங்க. நீ என்னக்கா சொல்ற?"

நான் எப்படி வருவேன்? நினைத்தவுடன் இறங்கி ஓட அது என்ன மினி பஸ்ஸா? "எடுத்துடுங்கடா. எனக்காகப் பாக்க வேணாம்" என்றேன். சொல்லிவிட்டு, "டேய், தண்ணில மட்டும் தூக்கிட்டுப் போவாதீங்க" என்றேன். "பாக்கறேங்க்கா" என்று வைத்துவிட்டான்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு உண்டான சுடுகாடு வடிகால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வாய்க்காலில் எங்களுக்குப் பாலம் கிடையாது. கோடையில் இறங்கி ஏறிவிடலாம். மழைக்காலத்தில் யாராவது இறந்தால் நெஞ்சளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கொஞ்சம் தள்ளி ஒரு மதகு உண்டு. வண்டியே போகலாம். ஆனால் அதற்குப் போகிற டிராக்டர் பாதை மேலத்தெருக்காரர் ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் இருக்கிறது. வேலி போட்டு, இரும்புக் கதவு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மனுக் கொடுத்துக் கொடுத்தே சேகருக்குத் தலை நரைத்துவிட்டது.

என் அப்பாவை ஓர் ஐப்பசி மழையில் அப்படித்தான் எடுத்தார்கள். நடு வாய்க்காலில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்து அப்பா தண்ணீருக்குள் போய்விட்டார். இறந்துபோன மனிதரை முங்கித் தேடி எடுத்தார்கள். கரையில் நின்று அதைப் பார்த்தவள் அத்தை. அன்றைக்கு அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் அவள் எங்களிடம் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான். "என்னைத் தண்ணில தூக்கிட்டுப் போவாதீங்கடி." நான் இந்தப் பயணத்துக்குக் கிளம்பிய அன்றும் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாள். சரி அத்தை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மும்தாஜிடம் மட்டும் சொன்னேன். அவர் "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்துவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆளாளுக்கு வந்து உச்சுக் கொட்டினால் நான் தாங்கமாட்டேன்.

மீகாங்கைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும். அக்கரை தெரியாத அகலம், பால் விடாத டீ நிறத்தில் தண்ணீர், அதன்மேல் மணல் படகு, பழப் படகு, குடும்பமே குடித்தனம் நடத்தும் படகு. வழிகாட்டியின் பெயர் மின். முப்பது சொச்சம் வயது, சிரித்த முகம். மைக்கில் ஆங்கிலத்தில் சொல்ல, பிரபு தமிழில் சொன்னார். "இது ஒன்பது நாகமாப் பிரிஞ்சு கடலுக்குப் போகுதாம்." இந்தத் தண்ணீரில் பாதி நமக்கிருந்தால் என்று சாதாரண நாளில் நானும் பெருமூச்சு விட்டிருப்பேன். அன்று எனக்குத் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தீவில் இறக்கி ஒரு தேங்காய் மிட்டாய்ப் பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். தேங்காய்ப் பாலைக் கொப்பரையில் காய்ச்சி, பாகாக்கி, நீளமாக இழுத்து வெட்டிக் காகிதத்தில் சுற்றுகிறார்கள். "எங்க ஊர்ல இல்லாத தேங்காயா? லாரி லாரியா வெளியூருக்கு ஏத்தி அனுப்பிட்டு நாம சும்மா உட்காந்திருக்கோம்" என்று மும்தாஜ் வியட்நாம்காரர்களையும் பட்டுக்கோட்டைக்காரர்களையும் சேர்த்துத் திட்டினார். பக்கத்தில் ஒரு ஆள் மலைப்பாம்பை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு அழைத்தான். கோவிந்தராஜன் சார் ஓலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டார். விமலா அக்கா கண்ணை மூடிக்கொண்டு "போதுங்க, போதுங்க" என்று கத்தினார்.

சேகர் இரண்டாவது தடவை கூப்பிட்டான்.

"அக்கா, கதவு விஷயமா குத்தகைக்காரர் வேலாயுதத்தைப் போய்ப் பாத்தேன். சாவி அவர்கிட்டதான் இருக்கு. கதிர் வந்த வயலு, சொந்தக்காரர் சொல்லாம பொணத்தை விடமாட்டேங்கறாரு. அவர்கிட்ட கேளுங்கன்னா, அவரு வெளிநாடு போயிருக்காராம், போன் போவலயாம்."

"யாருடா இப்ப சொந்தக்காரரு?"

"பெரியவரோட மவன்தான். அந்த இன்ஜினியரு, கோவிந்தராஜன். தஞ்சாவூர்ல வீடு கட்டிக்கிட்டுப் போனாரே. ஏதோ வியட்நாமுக்காம்."

நான் திரும்பிப் பார்த்தேன். சார் பாம்பின் தலையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரை நான் ஊரில் கண்டதே இல்லை. சின்ன வயதிலேயே வெளியூர் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தார்கள் என்று கேள்வி. அவர் அப்பா பெரியவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் வரப்பில் வந்தால் என் அத்தை நடவு நட்ட சேற்றிலேயே ஒதுங்கி நிற்பாள். அந்த வீட்டுப் பருப்புப் பொடியைத்தான் மூன்று நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பதா ஆத்திரப்படுவதா என்று தெரியவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

நான் கதவு விஷயத்தைச் சொன்னதும், "போய்க் கேளு மலர்" என்றார் மும்தாஜ்.

"கேட்டா நான் யாருன்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா? உன் தலையையா சீவிடப் போறாங்க? உன் அத்தை அங்க வெயிட் பண்ணிட்டிருக்காங்கடி."

சுள்ளென்று உறைத்தது. உண்மைதானே. பருப்புப் பொடி முக்கியமா, அத்தை முக்கியமா?

மதியச் சாப்பாட்டில் யானைக்காது மீன் என்று ஒன்றை முழுசாகப் பொரித்து, மரச்சட்டத்தில் நிற்க வைத்துக் கொண்டுவந்தார்கள். செதில்கூட எடுக்கவில்லை. அதைப் பிய்த்து, ஈரத்துணி மாதிரி இருக்கும் அரிசி அப்பளத்தில் கீரையோடு சுற்றித் தின்ன வேண்டும். மும்தாஜ் அந்த நிலையிலும் இரண்டு சுருள் தின்று நன்றாயிருக்கிறது என்றார். மீன் வேண்டாதவர்களுக்கு எலுமிச்சை சாதம். நான் எதையும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"சார், நான் உங்க ஊருதான். காலனித் தெரு. வாய்க்கால் ஓரம் முதல் வீடு."

விமலா அக்காவின் கை தட்டிலேயே நின்றது. சார் நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது. அத்தை இறந்தது, அப்பா தண்ணீரில் விழுந்தது, அத்தை கேட்டது, கதவு, சாவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஒரு போன் பண்ணுங்க சார். என் போன்ல லைன் இருக்கு."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பாலத்துக்கு விளக்கம் சொல்கிற அதே குரலில் சொன்னார். "கேக்கவே வருத்தமா இருக்குங்க. ஆனா அது பட்டா நிலம். ஒரு தடவை விட்டா வழக்கத்துல உள்ள பாதைன்னு நாளைக்கு கேஸ் போடுவாங்க. வக்கீலே சொல்லியிருக்காரு. அதுவுமில்லாம கதிர் பால் பிடிக்கிற நேரம். அந்த வழியாப் பிணம் போனா நெல்லு பதராப் போகும்னு குத்தகைக்காரன் சாகுபடியையே விட்டுட்டுப் போயிடுவான்."

"பதராப் போகும்னு நீங்க நம்புறீங்களா சார்? இன்ஜினியர்தானே நீங்க?"

"நான் நம்புறது வேற, ஊர் நம்புறது வேற." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாக்கறேன்."

பாக்கறேன் என்ற வார்த்தையை எங்கள் தெரு எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் மனுக் கொடுத்த எல்லா மேஜையிலும் அந்த வார்த்தைதான் கிடைத்தது. விமலா அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பருப்புப் பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டதும் சைக்கிள். இதற்குப் பெயர் அட்வென்ச்சராம். தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவே ஒற்றையடி சிமெண்ட் பாதை. தீவின் அந்த முனைக்கு நாமே மிதித்துப் போனால், அங்கே துடுப்புப் படகு காத்திருக்கும். மும்தாஜ் என் கேரியரில் ஏறிக்கொண்டார். கோவிந்தராஜன் சாருக்கு வீம்பு. "காலேஜ்ல நான் டபுள்ஸ் அடிச்ச ஆளு" என்று விமலா அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். எல்லோரும் மணியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஊரில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்றாலும், இந்நேரம் பாடை கட்ட மூங்கில் வெட்டியிருப்பார்கள்.

வயல்வெளி நடுவே சார் சைக்கிளின் செயின் கழன்றது. இரண்டு பேரும் சரிந்து வரப்பில் கால் ஊன்றினார்கள். முன்னே போனவர்கள் கவனிக்காமல் போய்விட்டார்கள். கடைசியில் வந்த மின் இறங்கிச் செயினை மாட்ட உட்கார்ந்தார். நாங்களும் நின்றோம்.

பச்சை வயல், முழங்கால் உயரப் பயிர். அதன் நட்டநடுவில் நாலைந்து கல்லறைகள். நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்து, ஊதுவத்தி செருகின மண்சட்டியோடு. பயிர் அவற்றை ஒட்டியே நின்றது.

"இது என்ன, வயலுக்குள்ள?" என்று சார் ஆங்கிலத்தில் கேட்டார்.

மின் செயினிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். இந்தப் பக்கத்தில் நிறையக் குடும்பங்கள் அவரவர் வயலிலேயே பெரியவர்களைப் புதைப்பார்களாம். அவருடைய அப்பா இதுபோல் ஒரு வயலில்தான் இருக்கிறாராம். கஷ்டகாலத்தில் அந்த வயலை விற்றுவிட்டார்களாம். இப்போது அது வேறொருவருடையது.

"அப்ப எப்படிப் போவீங்க?"

"நடந்து போவோம்" என்றார் மின். கேள்வி அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. "புத்தாண்டுக்கு முன்னால் வயல்காரரே வரப்பைச் செதுக்கி வைத்திருப்பார். என் அம்மா அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுபோவார்."

"மெஷின் அறுவடைக்கு இடைஞ்சல் இல்லையா?"

"சுற்றிக்கொண்டு போகும்."

எனக்குள் இருந்தது அப்போது உடைந்தது. நான் தமிழில், கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன்.

"சார், உங்கப்பா செத்தப்போ விடிய விடிய நின்னு எரிச்சது எங்கப்பா. பறையடிச்சது எங்க சித்தப்பா. பெரியவரை உங்க சுடுகாட்டுக்கு அந்த டிராக்டர் பாதையிலதான் தூக்கிட்டுப் போனாங்க, அந்த மதகு மேலதான். எங்க ஆளுங்களும் கூடவேதான் நடந்தாங்க. அன்னைக்கு நெல்லு பதராப் போச்சா? அன்னைக்குக் கதவே கெடையாது. உங்க சாவுக்கு வேலை செய்ய நாங்க அந்த வழியில வரலாம், எங்க சாவுக்கு நாங்க வரக்கூடாதா?"

விமலா அக்கா அவரைப் பார்த்து, "போனைப் போடுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மூன்று நாளில் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. "உங்களுக்கு வரலன்னா சொல்லுங்க, நான் பேசறேன்."

கல்லறை அவரை அசைத்ததா, நான் சொன்னதா, மனைவியின் குரலா என்று எனக்குத் தெரியாது. தன் போனில் வேலாயுதத்தின் எண்ணைத் தேடி எடுத்து வாசித்தார். நான் என் போனில் அடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வேலாயுதம், நான்தான். அந்தக் கதவைத் தொறந்து விடு. ஆமா, அவங்களுக்குத்தான். பரவாயில்ல, நான் சொல்றேன்ல? இந்த ஒரு தடவைக்குத்தான்னு சொல்லு. முடிஞ்சதும் பூட்டிடு."

இந்த ஒரு தடவை. அந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட என்னிடம் தெம்பில்லை. உடனே சேகரைக் கூப்பிட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மும்தாஜ் போனை வாங்கி அவர் அடித்தார். மின் செயினை மாட்டி முடித்துவிட்டுக் கையில் கிரீஸோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவனே கூப்பிட்டான். பின்னால் பறைச் சத்தம், ஆட்கள் கத்துகிற சத்தம்.

"அக்கா! வேலாயுதம் மதகுப் பக்கம் நின்னு கையக் காட்டுறாரு. கதவு தொறந்துட்டாராம். ஆனா நாங்க எறங்கிட்டோங்க்கா. முட்டி வரைக்கும் தண்ணியில நிக்கிறோம். மழை வரப் போவுதுன்னு சீக்கிரமே எடுத்துட்டோம்."

"திரும்புடா!"

"பெரியவங்க விட மாட்டேங்கறாங்க. எடுத்த பாடையத் திருப்பக் கூடாதாம். திருப்புனா உடனே தெருவுல அடுத்த சாவு விழும்ங்கறாங்க. தோள் குடுத்தவங்களே பயப்படுறாங்க. என்னக்கா பண்ணட்டும்? நீ சொல்லு, சீக்கிரம் சொல்லு."

எடுத்த பாடையைத் திருப்புவதில்லை. எங்கள் தெருவில் இது சட்டம். வீட்டு வாசலில் எதையாவது மறந்துவிட்டாலும் ஆள்தான் ஓடி வருவான், பாடை திரும்பாது. நான் ஆயிரம் சாவைப் பார்த்த நர்ஸ். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். ஆனால் அந்த நிமிஷம் எனக்கும் பயம் வந்தது. அந்தத் தெருவில்தான் சேகரின் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஊர் என் வாயைத்தான் சொல்லும். நானும்தான் என்னைச் சொல்லிக்கொள்வேன்.

"ஸ்பீக்கர்ல போடுடா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை."

போட்டான். பறை நின்றது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கும் அத்தைக்கும் நடுவில் அந்தச் சத்தம்தான் இருந்தது.

"நான் மலரு பேசறேன். அத்தை உங்க எல்லாருக்கும் சோறு போட்டவ. அது வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். எங்கப்பா தண்ணியில விழுந்ததை நீங்களும்தான் பாத்தீங்க. பாடையத் திருப்புங்க. ஏதாவது ஆவணும்னா முதல்ல எனக்கு ஆவட்டும். எம்மேல ஆணை."

யாரோ ஒரு பெரியவர் ஏதோ சொன்னார். யாரோ ஒருத்தி, "அதான் பொண்ணே சொல்லுதுல்ல, திருப்புங்கய்யா" என்று கத்தினாள். அப்புறம் சலசலவென்று கால்கள் தண்ணீரில் அளைகிற சத்தம். "மெல்ல, மெல்ல, தலைமாட்டைப் புடி" என்று சேகரின் குரல். பறை திரும்ப ஆரம்பித்தது. லைன் அறுந்துவிட்டது.

மிச்சப் பாதையைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். யாருக்கும் ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. படகுத்துறையில் பிரபு, "எங்க போயிட்டீங்க, எல்லாரும் போயாச்சு, கடைசிப் படகு இது" என்று குதித்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார்.

துடுப்புப் படகு ஒடுக்கமானது. நாலு பேர் ஒருவர் பின் ஒருவராகக் குந்த வேண்டும். நான், மும்தாஜ், விமலா அக்கா, சார். பின்னால் தொப்பி போட்ட ஓர் அம்மாள் துடுப்புப் போட்டார். இரண்டு பக்கமும் தண்ணீரிலிருந்தே கீற்றுகள் முளைத்து, தலைக்கு மேல் பந்தல் போட்டமாதிரி கவிந்திருந்தன. வெயில் உள்ளே வரவில்லை. விளம்பரப் படத்தில் இந்த இடத்தைக் காட்டித்தான் எங்களை இந்த டூருக்குச் சேர்த்தார்கள். அழகுதான், சும்மா சொல்லக்கூடாது. நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடை மதகைத் தாண்டியதா, மழை பிடித்துக்கொண்டதா, கடைசி நேரத்தில் யாராவது மறித்தார்களா, ஒன்றும் தெரியவில்லை.

கால்வாய் முடிந்து ஆறு தெரிகிற இடத்தில் சேகர் கூப்பிட்டான்.

"முடிஞ்சுதுக்கா. தீ நல்லாப் புடிச்சிடுச்சு. மழை இன்னும் எறங்கல."

"மதகு வழியாவா போனீங்க?"

"மதகு வழியாத்தான். நாங்க திரும்பி வந்ததும் வேலாயுதம் கதவைப் பூட்டிட்டாரு."

"அத்தை?"

"நனையலக்கா. எங்களுக்குத்தான் வேட்டியெல்லாம் ஈரம். அத்தை மேல ஒரு சொட்டு படல. போட்ட மாலை அப்படியே இருந்துச்சு."

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. என்னைப் பெறாத தாயே, என்னை ஆளாக்கின சாமியே என்று அந்த ஊர் தெரியாத தண்ணீரில் உட்கார்ந்து வாய்விட்டு ஒப்பாரி வைத்தேன். எதிரில் வந்த படகுகளில் வெள்ளைக்காரர்கள் கேமராவைக் கீழே இறக்கினார்கள். துடுப்புக்கார அம்மாள் துடுப்பை நிறுத்திவிட்டார். மும்தாஜ் என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டு என் தலையில் விழுந்தது. விமலா அக்காவும் அழுதுகொண்டிருந்தார். எங்கள் தெருச் சாவுக்கு மேலத்தெருப் பெண் ஒருத்தி அழுது நான் இதுவரை பார்த்ததில்லை.

அழுது ஓய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். கோவிந்தராஜன் சார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது சார். எங்க அத்தை நனையல" என்றேன். "ஆனா தெருவுல நாங்க இன்னும் நெறைய பேர் இருக்கோம்."